வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் எடுத்துவிட்டு எறியலாமா? பத்திரம், பில், மேனுவல் எல்லாம் சேர்த்து

பரண் | 04-10-2025, இரவு 9:12
தரைத்தள வீடு, வேளச்சேரி. இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம், ஒரு கட்டைப்பை முழுக்க மிக்சியிலிருந்து ஏசி வரை மேனுவல்கள். பருவமழைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஃபோனில் ஸ்கேன் எடுத்து, மத்திய அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டு, காகிதத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. டிஜிலாக்கரில் இருந்தால் அசலுக்குச் சமம் என்று சட்டமே சொல்கிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "பெரியவங்க எறியக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்பது காரணத்தில் சேராது.

கரையான் | 04-10-2025, இரவு 9:20
எடைக்கெல்லாம் போடாதீங்க சார். விலாசம் அனுப்புங்க, குடும்பத்தோடு வந்து இலவசமாகவே முடித்துக்கொடுக்கிறோம்.

பத்திரக்கட்டு | 04-10-2025, இரவு 9:48
சட்டம் சொல்வது வேறு. 2016ஆம் ஆண்டு டிஜிலாக்கர் விதிகளில் 2017இல் சேர்த்த 9ஏ விதி, அசலுக்குச் சமம் என்று சொல்வது வழங்கும் துறையே நேராக அனுப்பிவைக்கும் ஆவணங்களைத்தான். செயலியில் 'இஷ்யூடு' என்ற பகுதியில் வருபவை அவை: ஓட்டுநர் உரிமம், ஆர்சி, மதிப்பெண் பட்டியல், ஆதார், பான். நீங்கள் ஸ்கேன் எடுத்து ஏற்றுவது 'அப்லோடட்' பகுதியில் போய் விழும். அதற்கு அந்தச் சமத்துவம் கிடையாது, பென் டிரைவில் போட்ட நகலுக்கு என்ன மதிப்போ அதேதான்.

வண்டியை நிறுத்தும்போதும் இதே வித்தியாசம். கேலரியில் இருக்கும் லைசென்ஸ் போட்டோ செல்லாது. டிஜிலாக்கரிலோ, வண்டி ஆவணங்களுக்கான அரசுச் செயலி எம்பரிவாகனிலோ திறந்து காட்டினால் செல்லும், 2018இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியதிலிருந்து.

இன்னொன்று, மொத்த இடமே 1 ஜிபி, ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது. நாற்பது பக்கக் கிரயப் பத்திரத்தை ஒழுங்காக ஸ்கேன் எடுத்தால் 40 எம்பி வரும். பத்தாக அமுக்கினால் சீல் படிக்க முடியாது.

பரண் | 04-10-2025, இரவு 10:02
சரி, அப்படியென்றால் எதை எறியவே கூடாது? "எல்லாம் முக்கியம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த பதிலால்தான் டிரங்குப் பெட்டி இரண்டானது.

பத்திரக்கட்டு | 04-10-2025, இரவு 11:15
அந்தக் காகிதமே உரிமையைச் சுமக்கிறதா, வெறும் தகவலைச் சுமக்கிறதா என்று பாருங்கள்.

உரிமையைச் சுமப்பவை: பதிவான கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, மூலப் பத்திரங்கள், உயில், முத்திரைத்தாளில் எழுதிய பவர் பத்திரம், பழைய எல்ஐசி பாண்டு, பேப்பரில் இருக்கும் ஷேர் சர்டிஃபிகேட், பல்கலைக்கழகப் பட்டம். இவற்றின் ஸ்கேன் உங்கள் வசதிக்கு மட்டும். உயிலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே தன் முதல் அட்டவணையில் வெளியே தள்ளி வைத்திருக்கிறது, மின்னணு உயில் என்று ஒன்று கிடையாது. வில்லங்கச் சான்றும் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும். ஆனால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீலும் பேங்கும் அசல் எங்கே என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும்.

ஷேர் சர்டிஃபிகேட் இருந்தால் பூட்டி வைப்பதைவிட டீமேட் (மின்னணு வடிவம்) ஆக்குங்கள். 2019 ஏப்ரலிலிருந்து பேப்பர் வடிவில் பெயர் மாற்றி விற்க முடியாது.

திரும்ப எடுக்கக்கூடியவை: சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பதிவான பிறப்பு, இறப்புச் சான்றுகள் மாநகராட்சி இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் இறங்கும். பட்டா, சிட்டா இணையத்தில். சொத்து வரி ரசீது, இபி பில், குடிநீர் வாரிய ரசீது எல்லாம் இணையத்தில். இவற்றின் பேப்பர் நகலைச் சேர்த்து வைப்பது இடத்துக்குக் கேடு. ஒரே விதிவிலக்கு, மிகப் பழைய பிறப்புச் சான்று கையெழுத்துப் பிரதியாக இருந்தால் இணையத்தில் அதே பதிவு அதே எழுத்துக்கூட்டலோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

மூன்றாவது வகை தகவல் மட்டும். மேனுவல், காலாவதியான வாரண்டி, முடிந்துபோன பாலிசியின் நோட்டீஸ்கள். தாராளமாக எடைக்குப் போடலாம்.

முகப்பேர்கிழக்கு | 05-10-2025, காலை 6:50
பத்திரக்கட்டு சார் பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். ஹோம்லோன் இருந்தால் அசல் உங்களிடம் இருக்காது. பேங்கில் ஒப்படைக்கும் முன்பே முழுசாக ஸ்கேன் எடுங்கள், எந்தெந்த ஆவணம் வாங்கிக்கொண்டார்கள் என்ற பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசலைத் திருப்பித் தரவேண்டும், தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி விதி 1 டிசம்பர் 2023 முதல் இருக்கிறது. என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியல் கையில் இல்லாமல் அந்த விதியை வைத்து என்ன பேசுவது?

ஜெராக்ஸ்முனை | 05-10-2025, காலை 9:30
பத்திரத்தை ஸ்கேன் எடுக்கும் முறை. இதில்தான் பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் அளவு. முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். லீகல் அளவு 216க்கு 356 மி.மீ., ஏ4 ஸ்கேனர் கண்ணாடி 297 மி.மீ. மேல் விளிம்பை ஒட்டி வைத்தால் கீழே 6 செ.மீ. போய்விடும், கையெழுத்தும் சாட்சிகளும் அந்த 6 செ.மீ.யில்தான் இருக்கும். மேல்பாதி ஒன்று, கீழ்பாதி ஒன்று, நடுவில் 5 செ.மீ. இரண்டிலும் வரும்படி எடுத்து இரண்டு பக்கமாகவே பிடிஎஃப்பில் விட்டுவிடுங்கள். மென்பொருளில் ஒட்டவைத்து ஒரே பக்கமாக்காதீர்கள். ஒட்டிய கோட்டைப் பார்ப்பவன் திருத்தியதோ என்று நினைப்பான்.

இரண்டாவது, பின்பக்கம். பத்திரத்தின் பின்னால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முத்திரைத்தாள் விற்றவர் பெயர், தேதி, வரிசை எண், சார்பதிவாளர் குறிப்பு, ரேகை, "1 புத்தகம் இன்ன ஆண்டின் இன்ன எண் ஆவணம் இத்தனை தாள்களைக் கொண்டது, இத்தனையாவது தாள்" என்ற சீல் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். வெறுமையான பின்பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். பிறகு யாரும் "விட்டுப்போச்சா, இல்லையா" என்று கேட்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, தைத்த நூலைப் பிரிக்காதீர்கள். தாள் ஊட்டி உள்ள ஸ்கேனரில் பழைய பத்திரத்தைத் தள்ளவே தள்ளாதீர்கள். மடிப்பில் இற்றுப்போன தாள் ரோலரில் இரண்டாகக் கிழியும்.

தாள்தீனி | 05-10-2025, காலை 10:10
நூலைப் பிரிக்காமல் கண்ணாடியில் வைத்தால் தையல் ஓரம் மங்கலாக வரும். ஸ்கேனர் வகையைப் பொறுத்தது அது. கேனன் லைடு 300, 400 மாதிரி மெல்லியவற்றில் சிஐஎஸ் சென்சார். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பரப்புதான் கூர்மையாக வரும், சில மி.மீ. தூக்கினாலே போச்சு. சிசிடி சென்சார் உள்ள தடித்த பழைய மாடல்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கினால் இன்றைய விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று கடையிலேயே லேப்டாப்பில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தைத்த கட்டுக்கு ஃபோனே மேல் என்பேன். ஆனால் ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளை ஃபில்டரை அணைத்துவிடுங்கள். பின்னணியை வெள்ளையாக்குகிறேன் என்று வெளிறிய ஊதா சீலையும் பென்சில் குறிப்பையும் அது துடைத்துவிடும். வண்ணம் அல்லது ஒரிஜினல்.

பரண் | 05-10-2025, காலை 10:25
ஃபோன் கேமராவின் தரம் போதுமா?

தாள்தீனி | 05-10-2025, காலை 10:41
கணக்குப் போடுங்கள். ஏ4 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல். 12 மெகாபிக்சல் கேமரா 4032க்கு 3024. தாள் ஃபிரேமை நிறைத்தால் நீளவாக்கில் சுமார் 345 டிபிஐ. போதும். ஆனால் தாளைச் சுற்றி மேஜை பாதி தெரிகிற மாதிரி எடுத்தால் 200க்குக் கீழே இறங்கிவிடும். ஃபிளாஷ் வேண்டாம், பகலில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், உங்கள் தலை நிழல் விழாத பக்கம் நில்லுங்கள்.

செயலி எது என்பது பெரிய விஷயமில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குள்ளேயே ஸ்கேன் இருக்கிறது, ஐஃபோனில் நோட்ஸ் செயலியில் இருக்கிறது. கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் லென்ஸை மூடுவதாக அந்த நிறுவனமே 2025இல் அறிவித்துவிட்டது. செயலிக்குள்ளேயே கோப்பைச் சேர்த்து வைக்காமல் எடுத்தவுடன் பிடிஎஃப்பாக வெளியே கொண்டுவந்துவிடுங்கள், செயலி போனால் கூடவே போகக்கூடாது.

வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பவும். போட்டோவாக அனுப்பினால் அமுக்கி அனுப்பும்.

ஜெராக்ஸ்முனை | 05-10-2025, மதியம் 1:05
அமுக்குவது என்றதும் ஒரு எச்சரிக்கை. 2013இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேனில் 6ஐ 8ஆக மாற்றிக் காட்டியதை ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் கண்டுபிடித்தார். மங்கலான எழுத்து இல்லை, தெளிவாகவே தப்பான எண். காரணம் ஜேபிஐஜி2 என்ற அமுக்கும் முறை. ஒரே மாதிரி தெரியும் சின்ன வடிவங்களை ஒன்றாக எண்ணி, ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். சர்வே எண்ணிலும் சதுர அடியிலும் இப்படி ஆனால் யாருக்கும் சந்தேகமே வராது.

அதனால் கடையிலோ வீட்டிலோ 'சிறிய கோப்பு', 'உயர் அமுக்கம்' மாதிரி வாய்ப்புகளைத் தவிருங்கள். 300 டிபிஐ வண்ணம், சாதாரண ஜேபெக், பக்கத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. இன்றைக்கு 1 எம்பி ஒரு விஷயமா?

இபிகார்டு | 05-10-2025, இரவு 8:40
ஸ்கேன் ஸ்கேன் என்றே பேசுகிறீர்கள். இன்றைய ஆவணங்களில் பாதி பிடிஎஃப்பாகவே பிறக்கின்றன. இ-ஆதார், இ-பான், டிஜிட்டல் கையெழுத்து உள்ள சாதிச் சான்று, வருமானச் சான்று, 2024 ஏப்ரலிலிருந்து மின்னணு வடிவில் வரும் இன்சூரன்ஸ் பாலிசி. இவற்றில் அந்தக் கோப்புதான் அசல். அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, அதைத் திரும்ப ஸ்கேன் எடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அசலை அழித்துவிட்டு அசலின் நகலின் நகலை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

இதைவிட நைசாக நடக்கும் தப்பு ஒன்று. இ-ஆதார் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது, ஒவ்வொரு முறையும் தட்டச் சோம்பல், 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து பூட்டில்லாத கோப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், டிஜிட்டல் கையெழுத்து போயிருக்கும். வந்த கோப்பை வந்தபடியே, பெயரை மட்டும் மாற்றி வையுங்கள்.

அடோபி ரீடரில் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் கோப்பு போலி என்று அர்த்தமில்லை, உங்கள் கணினி அந்தக் கையெழுத்தை இன்னும் நம்பவில்லை என்று அர்த்தம். கையெழுத்தின் மேல் ரைட் கிளிக், பண்புகள், கையெழுத்திட்டவரின் சான்றிதழ், டிரஸ்ட் பகுதியில் நம்பகமானதாகச் சேர்க்கவும், திரும்பச் சரிபார்க்கவும். பச்சை டிக் வரும்.

கரையான் | 05-10-2025, இரவு 8:58
பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருஷம். இதுதான் ஆதார் கடவுச்சொல் என்று ஊருக்கே தெரியும். இது என்ன பூட்டு? வாழைநார்க் கயிறு.

இபிகார்டு | 05-10-2025, இரவு 9:07
ஒப்புக்கொள்கிறேன். அதை ரகசியப் பூட்டாக நினைக்கக் கூடாது. ஹோட்டல், கொரியர், வாடகைக்காரர் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

நெடுங்கணக்கு | 06-10-2025, காலை 7:15
தேடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்கேன் எடுத்தது போட்டோதான், உள்ளே இருக்கும் எழுத்தைத் தேட, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் வேண்டும். இலவசமாக டெசராக்ட் இருக்கிறது. தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக நிறுவ வேண்டும், தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தமிழ் மட்டும் கொடுத்தால் ஆவண எண்ணோடு ஒட்டி வரும் ஆங்கில எழுத்துகள் எல்லாம் குளறுபடி. பிடிஎஃப்பாகவே செய்ய ஓசிஆர்மைபிடிஎஃப் நல்ல கருவி, அதே டெசராக்டைத்தான் பின்னால் ஓட்டுகிறது. கணினி பழக்கம் இல்லாதவர்கள் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அது தமிழையும் படிக்கும்.

அச்சுத் தமிழ் 300 டிபிஐயில் நன்றாகவே வரும். கையெழுத்துப் பத்திரம் வராது, நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உரைக்கோப்பு தட்டி வையுங்கள்: ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், எழுதிக் கொடுத்தவர், பெற்றவர், விஸ்தீரணம். ஏழே வரி. தேடலுக்கு அது போதும்.

வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தயாரித்த பிடிஎஃப்கள் தனி வில்லங்கம். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கிலக் குப்பை. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். குப்பை வந்தால் ஓசிஆர்மைபிடிஎஃப்பில் கட்டாய ஓசிஆர் கொடுத்து எழுத்து அடுக்கைப் புதிதாகப் போடுங்கள்.

இபிகார்டு | 06-10-2025, காலை 7:40
கையெழுத்துள்ள பிடிஎஃப்பில் அதைச் செய்தால் கையெழுத்து செத்துவிடும். கட்டாய ஓசிஆர் பக்கத்தைப் படமாக்கித் திரும்ப எழுதுகிறது.

நெடுங்கணக்கு | 06-10-2025, காலை 7:52
நல்லவேளையாக ஓசிஆர்மைபிடிஎஃப் கையெழுத்துள்ள கோப்பைத் தொட மறுத்து நிற்கும், தனியாக அனுமதி கொடுத்தால்தான் நகரும். தேடல் வேண்டும் என்றால் மூலத்தை அப்படியே விட்டு, பிரதி ஒன்றில் ஓசிஆர் போட்டு 'தேடல்பிரதி' என்று பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் வைப்பதும் சொல்லிவிடுகிறேன். 2011-06-17_கிரயம்_வேளச்சேரி_மனை. ஆண்டு, மாதம், நாள் என்று முன்னால் போட்டால் தானாக வரிசையாகும். தமிழில் பெயர் வைக்கலாமா என்றால் வைக்கலாம், நீளமாக வேண்டாம். லினக்ஸ், நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் எழுத்துக்கு, புள்ளிக்கு, கொம்புக்கு எல்லாம் தலா 3 பைட். 85 குறிகளில் தீர்ந்துவிடும், 'கி' என்பதே இரண்டு குறி.

பரண் | 06-10-2025, இரவு 9:30
மேனுவல் கட்டைப்பைக்கு வருவோம். அது ஒன்றுதான் எல்லோரும் எறியலாம் என்று ஒத்துக்கொண்டது.

ஜெராக்ஸ்முனை | 06-10-2025, இரவு 9:55
மேனுவலை ஸ்கேன் எடுப்பது வேலையற்ற வேலை. பெரும்பாலான கம்பெனிகள் இணையதளத்திலேயே பிடிஎஃப் வைத்திருக்கின்றன, அது தேடக்கூடிய எழுத்தாகவும் இருக்கும். தேவை மேனுவல் இல்லை, முழு மாடல் எண். பெட்டியில் போட்டிருக்கும் விளம்பரப் பெயர் உதவாது. இயந்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், சீரியல் எண்ணும் அதிலேயே வரும். சர்வீசுக்கு ஃபோன் செய்தால் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் உள்ளே பக்கச்சுவரில், காய்கறித் தட்டுக்குப் பக்கத்தில். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில், மேல்பக்கம் திறப்பதில் பின்னால். ஸ்பிலிட் ஏசியில் உள்யூனிட்டுக்கு ஒன்று, வெளியூனிட்டுக்கு ஒன்று, இரண்டும் வேறு வேறு எண். சுவரில் மாட்டும் டிவிக்கும் கீசருக்கும் மாட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு கண்ணாடி பிடித்துக்கொண்டு தலைகீழாகப் படிக்க வேண்டும்.

பழைய மாடலுக்கு இணையத்தில் இல்லையென்றால் மட்டும் ஸ்கேன். அதிலும் பத்து மொழியில் இருக்கும் புத்தகத்தில் தமிழ் அல்லது ஆங்கிலப் பகுதி, எர்ரர் கோடு அட்டவணை, வயரிங் படம். மற்றதெல்லாம் "குழந்தைகளை உள்ளே வைக்காதீர்கள்" வகையறா.

முகப்பேர்கிழக்கு | 06-10-2025, இரவு 10:20
இறக்கி வைக்கும் இடம் முக்கியம். இன்வர்ட்டர் மேனுவல் எப்போது தேவைப்படும்? கரண்ட் போய் இன்வர்ட்டரும் கத்திக்கொண்டிருக்கும்போது. அப்போது வைஃபை இருக்காது, புயலென்றால் டவரும் இருக்காது. இன்வர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், யுபிஎஸ் மூன்றின் மேனுவலும் ஃபோனுக்குள்ளேயே ஆஃப்லைனில் இருக்கட்டும். எர்ரர் கோடு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து இன்வர்ட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு இடத்தில் பேப்பரே ஜெயிக்கிறது.

வாரண்டி அட்டை வேறு விஷயம். இன்வர்ட்டர் பேட்டரிக்குக் கடை சீல் போட்ட அசல் அட்டையைக் கேட்கும் டீலர்கள் உண்டு. வாரண்டி முடியும்வரை அட்டை இருக்கட்டும். முடிந்த அன்றைக்கே எடைக்கு.

போர்தண்ணி | 07-10-2025, காலை 8:05
மேனுவலே இல்லாத விஷயங்களைத்தான் எழுதி வைக்க வேண்டும். போர்வெல் எத்தனை அடி, எத்தனை அடியில் மோட்டார் தொங்குகிறது, எத்தனை ஸ்டேஜ், கேசிங் பைப் எத்தனை அங்குலம், எத்தனை அடி வரை. சம்ப் கொள்ளளவு. தண்ணீர், கழிவுநீர் இணைப்பு தெருவில் எந்த இடத்தில். தரை போடுவதற்கு முன், சுவர் பூசுவதற்கு முன் பைப், வயர் ஓடும் இடத்தை அளவுநாடாவோடு போட்டோ. மோட்டாரைத் தூக்க வருபவர் முதலில் கேட்பது இதைத்தான், போர் போட்டவர் ஃபோனை எடுக்கமாட்டார்.

பத்திரக்கட்டு | 07-10-2025, காலை 8:30
இதோடு சிஎம்டிஏ அல்லது மாநகராட்சி அனுமதித்த கட்டட வரைபடத்தையும் சேருங்கள். பழைய நீல வரைபடம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதை ஃபோனில் எடுத்தால் அளவு எண்கள் படிக்க வராது. பெரிய தாள் ஸ்கேனர் உள்ள கடையில் மடிப்பை நீவி வைத்து 300 டிபிஐ வண்ணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கடைக் கணினியில் உங்கள் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி நின்று பாருங்கள். பென் டிரைவ் கொண்டுபோனால் வீட்டில் வைரஸ் ஸ்கேன் இல்லாமல் திறக்காதீர்கள்.

தாள்தீனி | 07-10-2025, மதியம் 12:40
பில்கள். கடையில் கொடுக்கும் வழவழப்பான பில் தெர்மல் தாள். எழுத்து மை இல்லை, சூட்டில் கறுக்கும் பூச்சு. வெயிலில், சூட்டில், பிளாஸ்டிக் உறையில், செல்லோடேப்புக்கு அடியில் வெளுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தால் மொத்தத் தாளும் கறுப்பாகத் திரும்பி வரும், அந்த மெஷினே சூட்டில் ஓடுவதுதானே. வாங்கிய வாரத்திலேயே ஸ்கேன் எடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் பில் லிங்க் கொஞ்ச நாளில் செத்துவிடும், லிங்க்கை வைத்திருக்காமல் பிடிஎஃப்பாக இறக்குங்கள்.

எத்தனை நாள் வைப்பது? நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, குறை எழுந்ததிலிருந்து 2 வருஷம். வருமான வரியில் பழைய கணக்கைத் திரும்பத் திறக்க, 2024 திருத்தத்துக்குப் பிறகு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 வருஷம் 3 மாதம், விட்டுப்போன வருமானம் 50 லட்சத்தைத் தொட்டால் 5 வருஷம் 3 மாதம். வீட்டில் மாடி கட்டியது, கிரில் போட்டது மாதிரி பில்கள் மட்டும் வீட்டை விற்றுக் கணக்குக் காட்டும்வரை. மூலதன ஆதாயத்தில் அந்தச் செலவைக் கழிக்க அதுதான் ஆதாரம்.

பரண் | 07-10-2025, இரவு 9:10
என் கட்சி கொஞ்சம் மாறுகிறது. எறிவது அதிகம், ஆனால் ஒரு சின்னப் பெட்டி தங்கும். இனி கோப்புகளை எங்கே வைப்பது? எல்லாம் பூட்டிய பிடிஎஃப்-ஏவாக கூகுள் டிரைவில் போதுமா?

நெடுங்கணக்கு | 07-10-2025, இரவு 9:25
பூட்டிய பிடிஎஃப்-ஏ என்று ஒன்று கிடையாது. நீண்டகாலம் வைப்பதற்கான தரம் அது, கடவுச்சொல் பூட்டையே அனுமதிக்காது. கோப்பைத் திறந்தபடி விட்டு, அது இருக்கும் பெட்டியைப் பூட்டுங்கள். கணினியில் வெராகிரிப்ட், கிளவுடில் கிரிப்டோமேட்டர்.

பென் டிரைவ், எஸ்எஸ்டியை பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சேமித்த மின்னூட்டம் மெல்லக் கசியும், சூடு அதைத் துரிதப்படுத்தும், நம் ஊர் மே மாதம் தெரிந்ததுதான். இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு கிளவுடு. ஹார்டு டிஸ்க்கில் ஒன்று வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் தெருத் தெருவாக வந்தது, பக்கத்துத் தெரு அக்கா வீடு கணக்கில் சேராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். முடிந்தால் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறும் கைரேகை மாதிரியான எண்) பட்டியல் ஒன்று வையுங்கள். 1 ஜூலை 2024 முதல் வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு கோர்ட்டில் தரும் சான்றிலும் ஹாஷ் கேட்கிறார்கள்.

முகப்பேர்கிழக்கு | 07-10-2025, இரவு 10:00
கூகுளில் இலவசம் 15 ஜிபி, ஜிமெயிலும் போட்டோவும் சேர்த்து. இரண்டு வருஷம் தொடாத கணக்கை அழிக்கவும் விதி இருக்கிறது. இதைவிடக் கவலையான விஷயம் சிம். டிஜிலாக்கர், ஆதார், பேங்க் எல்லாம் ஒரே எண்ணுக்கு ஓடிபி. வீட்டுப் பெரியவர் போன பிறகு அந்த ப்ரீபெய்டு எண் 90 நாள் உபயோகிக்கப்படாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஏற வேண்டும்.

கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' போடுங்கள், 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம், பத்துப் பேர் வரை சேர்க்கலாம். டிஜிலாக்கரிலும் நாமினி வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் விவரங்களை நாமினி அதன் வழியாகப் பார்க்க, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரு தாளில் என்னென்ன இருக்கிறது, எந்த டிஸ்க், எந்தக் கணக்கு என்று எழுதி அந்தச் சின்னப் பெட்டியில் போடுங்கள். கடவுச்சொல் வேண்டாம், பட்டியல் போதும்.

கரையான் | 07-10-2025, இரவு 10:06
காகிதத்தை ஒழிக்கப் புறப்பட்ட இழையில் புதிதாக ஒரு காகிதம். எங்கள் சங்கம் வரவேற்கிறது.

ஜெராக்ஸ்முனை | 08-10-2025, காலை 9:45
மழை முந்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் போட்டுவைக்கிறேன். நனைந்த பத்திரக் கட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் ஏறும், அதற்குள் முடியாது என்று தெரிந்தால் கட்டாகவே பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூஞ்சணம் வளராது. கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் ஏறாத சொந்தக்காரர் வீட்டு ஃப்ரீசர். நேரம் கிடைத்ததும் இளகவிட்டு, தாளுக்குத் தாள் டிஷ்யூ பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில். லேசர் பிரிண்ட் எழுத்து நிற்கும், பேனா மையும் இன்க்ஜெட்டும் கரையும். அதனால் ஸ்கேன் வரிசையில் பேனாவால் எழுதியவை முதலில்.

உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். வாசனை அடிக்கும் பிவிசி உறையில் எழுத்து பிளாஸ்டிக்கோடு ஒட்டி வரும். பத்திரத்தையும் பட்டத்தையும் லேமினேட் பண்ணவே வேண்டாம். வெளிநாட்டுக்கான அட்டஸ்டேஷனில் லேமினேட் செய்ததைப் பல இடத்தில் திருப்பி அனுப்புவார்கள், பிரிக்கப் போனால் எழுத்தும் உரியும்.

பரண் | 08-10-2025, இரவு 8:15
வரிசை இப்படி வைத்துக்கொள்கிறேன். முதலில் கையெழுத்துப் பத்திரங்கள், பிறகு அச்சுப் பத்திரங்கள், பிறகு பில். மேனுவலுக்கு ஸ்டிக்கர் போட்டோ மட்டும். எடைக்குப் போகும் குவியலில் ஆதார் ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட் நிறைய. அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா?

கரையான் | 08-10-2025, இரவு 8:22
போடுங்கள். அடுத்த வாரம் உங்கள் ஐஎஃப்எஸ்சி கோடில் யாராவது பஜ்ஜி எண்ணெய் ஒற்றிக்கொண்டிருப்பார்கள்.

தாள்தீனி | 08-10-2025, இரவு 8:50
ஷ்ரெட்டர் வாங்கினால் நீள நாடாவாக வெட்டுவது வேண்டாம், ஒட்டிச் சேர்க்கலாம். குறுக்கும் நெடுக்கும் வெட்டும் பி-4 ரகம் வீட்டுக்குப் போதும். ஸ்டேப்பிளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகி நிற்கும், ஆறவிட்டு ஓட்ட வேண்டும். ஷ்ரெட்டர் இல்லையென்றால் பக்கெட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கூழாகப் பிசைந்து ஈரக்குப்பையில். தெர்மல் பில்லைச் செடிக்கு உரமாக்கும் கூழில் சேர்க்காதீர்கள், அந்தப் பூச்சில் ரசாயனம் இருக்கிறது.

இபிகார்டு | 08-10-2025, இரவு 9:04
பழைய பிளாஸ்டிக் ஆதார், காலாவதியான ஏடிஎம் கார்டு எல்லாம்? பேப்பர் ஷ்ரெட்டரில் போகுமா?

தாள்தீனி | 08-10-2025, இரவு 9:11
கார்டுக்கென்று தனி வாய் இருந்தால் போகும். இல்லையென்றால் கத்தரி. ஏடிஎம் கார்டில் சிப்பின் நடுவே ஒரு வெட்டு, காந்தப் பட்டையின் குறுக்கே நாலைந்து வெட்டு. ஆதாரில் க்யூஆரின் குறுக்கே இரண்டு வெட்டு, எண் வரிசையில் ஒன்று. துண்டுகளைப் பாதி இந்த வாரக் குப்பையில், மீதி அடுத்த வாரம்.